ஆறு மூலை பேரலும் வெறும் ஈயக் குண்டும்

மெல்பர்ன்ல இருக்கிற என் சித்தப்பா மகன் போன மாசம் வாட்ஸ்அப்ல ஒரு படம் அனுப்பினான். பெயின்ட் வாளி நெறைய சாம்பல் நெறத்தில ஈயக் குண்டு, பக்கத்தில அவனோட புது கிளொக் பிஸ்டல். அவன் போற பிஸ்டல் கிளப்ல வயசான ஒருத்தர் சுடுறத விட்டுட்டாராம், தானே உருக்கி ஊத்தி வச்சிருந்த குண்ட வாளியோட சும்மா குடுக்குற மாதிரி ஒரு வெலைக்கு குடுத்திருக்காரு. படத்துக்கு கீழ ஒரே ஒரு கேள்வி. "அண்ணே, மெனுவல்ல வெறும் ஈயக் குண்டு போடாதன்னு இருக்கு, கிளப்ல பாதிப் பேர் அது சும்மா கதைங்குறாங்க, மீதிப் பேர் கை போயிரும்ங்குறாங்க, எதண்ணே நெசம்?"

நான் துவக்குக்காரன் இல்ல. டிக்கோயா பக்கம் ஒரு தேயிலை பேக்டரில பிட்டர், இருபத்திரெண்டு வருஷமா. ஆனா எங்க தாத்தா வெள்ளைக்கார பெரிய தொரை பங்களாவில அப்புவா, அதாவது வீட்டு வேலைக்காரரா, இருந்தவரு, தொரையோட ரைஃபிள தொடைச்சு எண்ணெய் போட்டு வைக்கிறதும் அவரு வேலைதான், அந்தக் கதைய கேட்டு வளந்ததில எனக்கு சின்ன வயசுலேயே பேரலுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சிக்கணும்னு ஒரு பைத்தியம். அதோட பேக்டரில வைட் மெட்டல் பேரிங் ஊத்துறவன் நான், அதாவது ஷாஃப்டு சுத்துற பேரிங்குக்கு ஈயம் கலந்த உலோகத்த உருக்கி ஊத்துற வேலை, ஈயம் எப்ப ஒட்டும் எங்க ஒட்டும்னு கையால பாத்திருக்கேன். அதனாலதான் அவன் என்கிட்ட கேட்டான், அவனுக்கு போன்ல சொன்னத விட நிதானமா எல்லாருக்கும் சேத்து இங்க எழுதுறேன். நம்ம ஆளுங்க நெறையப் பேர் வெளிநாட்டுல இந்த மாதிரி கிளப்புக்கு போறாங்க, இங்கயும் செக்கியூரிட்டில, படையில துவக்கு புடிக்கிறவங்க இருக்காங்க.

மொதல்ல சொல்லு தெளிவாகணும். நாம எல்லாத்தையும் சேத்து ரவைன்னு சொல்லிருவோம். முழுசா இருக்கிறது ரவை. அதில பித்தளையில செஞ்ச கூடு கோது, கோதுக்குள்ள மருந்து, அடியில தட்டினா நெருப்பு புடிக்கிற சின்ன மூடி, முனையில சொருகி இருக்கிறது குண்டு. பேரல் வழியா பறக்கிறது குண்டு மட்டுந்தான், கோது பின்னால தெறிச்சு கீழ விழும். இந்தக் கட்டுரை பூரா குண்டப் பத்தி, அது ஓடுற பேரலப் பத்தி.

பேரலுக்குள்ள முறுக்கி ஓடுற வரிதான் ரைஃப்லிங். சாதாரண பேரல்ல பள்ளம் மேடு பள்ளம் மேடுன்னு வெட்டி இருக்கும், மேட்டோட ஓரம் சதுரமா கூரா நிக்கும். குண்டு அந்த மேட்டில மாட்டி, மேடு குண்டக் கடிச்சு, சுத்திக்கிட்டே வெளிய வரும், பம்பரம் சுத்துறப்ப சாயாம நிக்கிற மாதிரி குண்டும் குப்புற கவுறாம போகும். கிளொக் 17ல 250 மில்லிமீட்டருக்கு ஒரு சுத்து. பேரலோட நீளமே 114 மில்லிமீட்டர்தான். ஆஸ்திரேலியாவில கிளப்காரங்க வச்சிருக்கிற செமி ஆட்டோ பிஸ்டலுக்கு பேரல் 120 மில்லிமீட்டராவது இருக்கணும்னு சட்டம், அதுக்காகவே 17ஏன்னு தனியா ஒன்னு செஞ்சாங்க, தம்பிகிட்ட இருக்கிறது அதுதான். அதுல கூட குண்டு உள்ள அரைச் சுத்து முழுசா சுத்துறதில்ல. ஆனா செக்கனுக்கு 350 மீட்டர் வேகத்தில வெளிய வாறப்ப கணக்குப் போட்டா ஒரு செக்கனுக்கு 1400 சுத்து. நின்ன எடத்தில இருந்து அந்த வேகத்துக்கு, ஒரு செக்கன ஆயிரமா பங்கு போட்டா அதுல ஒரு பங்கு கூட ஆகாத நேரத்தில, அத முறுக்கி எடுக்கணும். அந்த முறுக்குற வேலையத்தான் குண்டோட தோல் தாங்குது. கடைசி வரைக்கும் இத மறக்கக் கூடாது.

இப்ப பாலிகோனல், அதாவது பல மூலை உள்ள துளை. இதுல கூரான மேடு கெடையாது. துளைய குறுக்க வெட்டிப் பாத்தா மூலையெல்லாம் மழுங்கின ஆறுகோணம் மாதிரி இருக்கும், கிளொக் 9 மில்லிமீட்டர்ல ஆறு, 0.45 இஞ்சி ரவை போடுறதுல எட்டு. அந்த ஆறுகோணமே முறுக்கிக்கிட்டு போகும். வீட்டுல முறுக்கு உரல் இருந்தா எடுத்துப் பாருங்க. நட்சத்திர அச்சுல புழிஞ்சா மாவில கூரான வரி விழும், அச்சோட மூலையில மாவு கொஞ்சம் தங்கும், ஊசியால குத்தி எடுக்கணும். வட்ட அச்சுல அப்படி தங்காது, ஒரு கழுவுல போயிரும். பாலிகோனல் பேரல் இந்த ரெண்டுக்கும் நடுவில இருக்கு, மூலை இருக்கு ஆனா கூர் இல்ல.

இப்படிச் செய்றதுக்கு காரணம் இருக்கு. இந்த பேரல வெட்டி எடுக்கிறதில்ல, அடிச்சு எடுக்கிறாங்க. தடிச்ச எஃகு குழாய்க்குள்ள வரியோட தலைகீழ் உருவத்தில ஒரு கெட்டியான தண்ட விட்டு, வெளிய இருந்து சுத்தியல் மெஷின் சுத்தி சுத்தி அடிக்கும், குழாய் சுருங்கி தண்டோட உருவத்த அப்படியே வாங்கிக்கும். ரெண்டாம் உலகப் போர் காலத்தில ஜெர்மன்காரனுக்கு மெஷின் கன் பேரல் அவசரமா நெறைய வேண்டி இருந்தப்ப வளந்த முறை இது. மழுங்கின உருவம் அடிக்கிறதுக்கு தோதானது, உள்ள கூரான மூலை இல்லாததால எஃகுல வெடிப்பு ஆரம்பிக்க எடமும் இல்ல. குண்டுக்கும் பேரலுக்கும் நடுவில காத்து போற சந்து குறையுது, அதனால கொஞ்சம் வேகம் கூடுதுன்னு சொல்றாங்க, செப்பு உறை போட்ட குண்டு எத்தனை சுட்டாலும் தொடைக்கிறது லேசு. ஹெக்லர் அண்ட் கோக் கம்பெனி பி7 மாதிரி பிஸ்டல்ல இத கொண்டு வந்தது, கிளொக் 1982ல ஆஸ்திரிய ராணுவத்துக்கு போன பிறகுதான் உலகம் பூரா தெரிஞ்சுது. போலீஸ் ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் இது தலைவலி, கூரான மேடு இல்லாததால குண்டுல விழுற தடம் தெளிவா இருக்காது, இந்தக் குண்டு இந்த பேரல்ல இருந்துதான் வந்துச்சின்னு பொருத்திப் பாக்கிறது கஷ்டம்.

ஆனா ஆறு மூலை புதுசு இல்ல. எங்க பேக்டரில பழைய இங்கிலீஷ் மெஷின் நட்டுக்கு இன்னும் விட்வர்த் ஸ்பேனர்தான் போடணும், மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டா தலை மழுங்கிரும். 1841ல அந்த திருகு அளவ கொண்டு வந்த அதே ஜோசப் விட்வர்த்துதான் 1850கள்ல ஆறுகோண துளை போட்ட ரைஃபிளும் செஞ்சாரு. துளை 0.451 இஞ்சி, 20 இஞ்சிக்கு ஒரு சுத்து. அந்தக் காலத்து என்ஃபீல்ட் ரைஃபிள் 78 இஞ்சிக்கு ஒரு சுத்து, தூரத்தில விட்வர்த்துக்கு பக்கத்தில கூட அதால நிக்க முடியல. 1860ல விம்பிள்டன்ல துப்பாக்கிச் சங்கத்து மொத போட்டிய விக்டோரியா ராணி தொறந்து வச்சப்ப 400 யார்டுல வச்சு சுட்டது இந்த ரைஃபிளத்தான். இப்ப பாருங்க, அதுல போட்டது வெறும் ஈயக் குண்டு. குண்டையே ஆறுகோணமா முறுக்கா வார்த்து துளைக்கு பொருத்தமா செஞ்சாங்க, கறுப்பு மருந்து, குண்டு வரியில ஏற்கனவே உக்காந்திருக்கு, வழுக்க எடமே இல்ல. ஆகவே "ஆறுகோணத்துல ஈயமே ஆகாது"ங்கிறது மொட்டையா பாத்தா தப்பு. எந்த ஈயம், என்ன வேகம், குண்டு எப்படி வரியில ஏறுதுங்கிறதுல இருக்கு விஷயம்.

பிறகு மெட்ஃபர்ட்னு ஒருத்தர். கறுப்பு மருந்து நெறைய கரி விடும், கூரான மூலையில அடைச்சிக்கும், அதனால அவர் ஆழம் கொறைஞ்ச மழுங்கின வரி போட்டாரு. 1888ல பிரிட்டிஷ் படை எடுத்த லீ மெட்ஃபர்ட் ரைஃபிள்ல அதுதான். அப்புறம் புகையில்லாத கோர்டைட் மருந்து வந்துச்சி, அதோட சூட்டுல அந்த மெல்லிசு வரி சீக்கிரமா தேஞ்சு போச்சு, 1895ல ஆழமான கூரான வரியோட லீ என்ஃபீல்ட் வந்துச்சி. அஞ்சு வருஷத்தில தென்னாப்பிரிக்கா சண்டை, ரெண்டு ரைஃபிளும் அங்க இருந்துச்சி, அந்தச் சண்டையில புடிச்ச போவர் கைதிங்க, அதாவது அங்க குடியேறின டச்சு வம்சத்து ஆளுங்க, ஆயிரக்கணக்குல நம்ம தியத்தலாவைக்கு வந்து முகாம்ல இருந்தாங்க. அதே 1900லதான் நம்ம மலைநாட்டு தோட்டத்து தொரைமாரு சேந்து சிலோன் பிளான்டர்ஸ் ரைஃபிள் கோர்னு கண்டியில ஒரு படை ஆரம்பிச்சாங்க. தாத்தாவோட தொரை அதுல இருந்தவரு, "மருந்து மாறுனா பேரலும் மாறணும் அப்பு"ன்னு சொல்வாராம். தாத்தா அத என்கிட்ட எத்தனை தரம் சொல்லியிருப்பாரோ.

சரி, ஈயத்துக்கு வருவோம்.

ஈயம் 327 பாகை செல்சியஸ்ல உருகும், செம்பு 1085 பாகை. ஈயம் பாரமானது, மலிவு, வார்க்க லேசு, அதனாலதான் நூத்துக்கணக்கான வருஷமா குண்டு செய்ய அதத்தான் எடுத்தாங்க. குண்டோட வேகம் கூடக் கூட வெறும் ஈயம் பேரல்ல தேஞ்சு ஒட்ட ஆரம்பிச்சுது, 1882ல சுவிஸ்காரர் எடுவர்ட் ரூபின் ஈயத்துக்கு மேல செப்பு உறை போட்டாரு. இன்னைக்கி கடையில வாற பிஸ்டல் ரவையில அநேகமா உறை போட்ட குண்டுதான், உறை பெரும்பாலும் 95 பங்கு செம்பு 5 பங்கு துத்தநாகம். கிளொக் பேரல் செஞ்சது இந்த உறைய மனசுல வச்சுத்தான்.

ஆனா "ஈயக் குண்டு"ன்னு ஒரே பேர்ல சொன்னாலும் உள்ள எத்தனையோ வகை. உலோகத்தோட கெட்டிய அளக்கிற பிரினெல் கணக்குல சுத்த ஈயம் 5 அளவு கெட்டி, நெகத்தால கீறலாம். பழைய டயர் பேலன்ஸ் கட்டி உருக்கினா 12 மாதிரி வரும், அதுல ஆன்டிமனி கலந்திருக்கு. அந்தக் காலத்து அச்சு மெஷின்ல எழுத்து வார்த்த லைனோடைப் ஈயம் 84 பங்கு ஈயம், 12 பங்கு ஆன்டிமனி, 4 பங்கு வெள்ளீயம், அது 22 வரைக்கும் போகும். எங்க வைட் மெட்டலும் இதே குடும்பந்தான், வெள்ளீயம், ஆன்டிமனி, ஈயம், எது கூட எது கொறையங்கிறதுதான் வித்தியாசம். இந்த எண்ணுல ஒரு கணக்கு ஒளிஞ்சிருக்கு. பிரினெல் எண்ண 1422ஆல பெருக்கினா பிஎஸ்ஐ கணக்குக்கு வரும், அதாவது ஒரு சதுர இஞ்சிக்கு எத்தனை பவுண்டு அழுத்தம்ங்கிற கணக்கு. சுத்த ஈயம் 7000 பிஎஸ்ஐ மாதிரி, 12 உள்ளது 17,000, லைனோடைப் 31,000. 9 மில்லிமீட்டர் ரவைக்கு அமெரிக்க அளவுப்படி உச்ச அழுத்தம் 35,000 பிஎஸ்ஐ. கார் டயர்ல நாம அடிக்கிறது முப்பத்திரெண்டு, அதோட ஆயிரத்து சொச்சம் மடங்கு. அவ்வளவு அழுத்தம் பின்னால தள்ளுறப்ப மென்மையான ஈயம் மாவு மாதிரி பிதுங்கும்.

பிதுங்குறது ஒரு வகையில நல்லதுதான், பிதுங்கி வரிய நெரப்பினாத்தான் பின்னால இருக்கிற சூடான காத்து முன்னால பீறிக்கிட்டு ஓடாது. ரொம்ப கெட்டியான குண்ட அழுத்தம் கொறைஞ்ச ரவையில போட்டா அது பிதுங்காது, சந்து வழியா காத்து ஓடி குண்டோட ஓரத்த அரிச்சு, அந்த ஈயத்த பேரல்ல பூசிட்டுப் போகும். "கெட்டியா இருந்தா ஒட்டாது"ன்னு கிளப்ல சொல்றாங்களாம், அது பாதிதான் சரி. அளவும் பாக்கணும், 9 மில்லிமீட்டர் பேரலோட பள்ளம் 9.02 மில்லிமீட்டர், குண்டு அத விட மயிரளவு தடிப்பா இருக்கணும், மெலிஞ்சா சந்து விழும். அதுக்கு மேல மெழுகு. வார்த்த குண்டோட இடுப்புல ஒரு பள்ளம் இருக்கும், அதுல தேன்மெழுகு மாதிரி ஒன்ன அப்பி வப்பாங்க, அதுதான் பேரலுக்குள்ள எண்ணெய்.

இந்த எண்ணெய் விஷயத்த நான் கண்ணால பாத்த எடம் ஒன்னு இருக்கு. எட்டு ஒம்பது வருஷத்துக்கு முன்ன ஒரு மழை நாள் ராத்திரி சிப்ட், ரோலர் ஓட்டுற ஷாஃப்டுல ஒரு பேரிங் சத்தம் மாறுச்சு. எண்ணெய் சொட்டுற திரி தேயிலைத் தூள்ல அடைபட்டிருந்திருக்கு, யாரும் பாக்கல, நானும் பாக்கல. நிப்பாட்டி மூடிய தொறந்தா ஷாஃப்டு பளபளன்னு வெள்ளி மாதிரி இருக்கு. பக்கத்தில நின்ன பையன், "மாமா, ஷாஃப்டு நல்லா பாலிஷ் ஆகி இருக்கே"ங்குறான். நெகத்த வச்சு சுரண்டினேன், தோல் மாதிரி உரிஞ்சு வந்துச்சி. பாலிஷ் இல்ல, வைட் மெட்டல் உருகி ஷாஃப்டு மேல பூசியிருக்கு. மெல்லிசா, சீரா, அழகா. மைக்ரோமீட்டர் வச்சு பாத்தப்பதான் ஷாஃப்டு தடிச்சிருக்கிறதே தெரிஞ்சுது. கண்ணுக்கு அது பழுதுன்னு தெரியவே இல்ல.

பாலிகோனல் பேரல்ல நடக்கிறதும் இதுதான், நான் தம்பிக்கு சொன்னதும் இத வச்சுத்தான். கூரான மேடு உள்ள பேரல்ல மேடு ஈயத்துக்குள்ள வெட்டி எறங்கி புடிச்சுக்கும், குண்டு வழுக்கினாலும் கொஞ்ச தூரந்தான். மழுங்கின மூலை வெட்டாது, அமுக்கி மட்டுந்தான் புடிக்கும். உறை போட்ட குண்டோட தோல் கெட்டி, அமுக்கினா போதும், திரும்பிரும். வெறும் ஈயம் அந்த மொத சில மில்லிமீட்டர்ல, நேரா ஓடுறதா சுத்துறதாங்கிற எடத்தில, வழுக்கும். வழுக்கினா தோல் உரசி பூசும். பொதுவா சொல்ற விளக்கம் இது, எனக்கும் இதுதான் சரியா படுது, ஏன்னா ஈயம் அதிகமா படியிறது பேரலோட வாயில இல்ல, ரவை உக்காருற அறைய தாண்டின உடனே, குண்டு சுத்த ஆரம்பிக்கிற அந்த எடத்திலதான்.

அடுத்தது இன்னும் முக்கியம். சாதாரண பேரல்ல படிஞ்ச ஈயம் மேட்டோரத்தில செதில் செதிலா தெரியும், குறி தவற ஆரம்பிக்கும், பேரல் அழுக்குன்னு சுடுறவனுக்கே புரிஞ்சிரும். பாலிகோனல்ல மூலை இல்லாததால சுத்திவர மெல்லிசா சீரா படியும், வெளிச்சத்தில பாத்தா பளபளன்னு சுத்தமான பேரல் மாதிரியே இருக்கும். எங்க ஷாஃப்டு மாதிரி. ஒவ்வொரு குண்டும் முன்னால போனது மேல இன்னொரு பூச்சு பூசும், துளை கொஞ்சங் கொஞ்சமா ஒடுங்கும், அடுத்த குண்டு அந்த ஒடுக்கத்தில புகுந்து போக அழுத்தம் கூடும். ஒரு ஈயக் குண்டோட பூச்சால மட்டும் பேரல் வெடிக்காது. அம்பது குண்டு போட்டு ஒன்னும் ஆகலங்குறவன் சொல்றது அவன் வரைக்கும் உண்மைதான், நூத்தம்பதாவது குண்டு வேற பேரல்ல போகுதுங்கிறத அவன் பாக்கல.

வெடிக்கிறதுக்கு இன்னொரு வழியும் இருக்கு, அத ஏன் பலர் பேசுறதில்லன்னு எனக்கு புரியல. அறையோட முன் ஓரத்தில ஈயம் வளையம் மாதிரி தங்கினா அடுத்த ரவை முழுசா உள்ள போய் உக்காராது, மேல இருக்கிற ஸ்லைடு கடைசி மயிரளவு மூடாம பின்னால நிக்கும். அந்த நெலையில வெடிச்சா கோதோட அடிப்பக்கத்த சுத்தி எஃகு தாங்கல் இருக்காது. பித்தளை மட்டும் அந்த 35,000த்த தாங்கணும், தாங்காது. கிழிஞ்சு சூடான காத்து கீழ மெகசின் பக்கம் பாயும், பிடி வெடிக்கும், கை அங்கதான இருக்கு. பழைய கிளொக்ல, அதுவும் 1990ல வந்த 0.40 இஞ்சி ரவை போடுறதுல, ரவை ஏறுற சாய்வுக்காக அறையோட கீழ்ப்பக்கம் கொஞ்சம் தெறந்து இருந்துச்சி, அதனால தாங்கல் இன்னும் கொறைவு.

ஆனா நியாயமா இன்னொன்னும் சொல்லணும். கிளொக் வெடிச்சதுன்னு வாற கதை எல்லாத்தையும் ஈயத்து தலையில போட முடியாது. வெறும் ஈயக் குண்டு போடுறவங்க அநேகமா வீட்டுல தாங்களே ரவை கட்டுறவங்க. வீட்டுல கட்டுறப்ப மருந்து ரெண்டு தரம் விழலாம், திரும்பத் திரும்ப பாவிச்ச கோது களைச்சுப் போயிருக்கலாம், குண்டு ஆழமா இறங்கி உள்ள எடம் கொறைஞ்சிருக்கலாம், இது ஒவ்வொன்னும் தனியா நின்னே பிஸ்டல வெடிக்க வைக்கும். வெடிச்ச பிறகு எது காரணம்னு பிரிச்சு எடுக்கிறது லேசான வேலை இல்ல. கம்பெனி மெனுவல்ல ஈயத்த மட்டும் இல்ல, வீட்டுல கட்டின ரவையையும் சேத்துத்தான் வேணாங்குறாங்க. கெட்டியான கலவை, சரியான அளவு, நல்ல மெழுகு போட்டு ஆயிரக்கணக்குல சுட்டும் பேரல் சுத்தமா இருக்குன்னு சொல்றவங்களும் உண்டு, அவங்க பொய் சொல்றதா நான் நினைக்கல. அவங்க நூறு குண்டுக்கு ஒருக்கா பேரல கழட்டிப் பாக்கிறவங்க. வாளியில யாரோ வார்த்த குண்ட எடுத்து, கெட்டி என்ன அளவு என்னன்னு தெரியாம போடுறவனுக்கு அவங்க அனுபவம் ஒதவாது. என் பக்கம் கேட்டா, மெனுவல்ல இருக்கிறத கதைன்னு தள்ளுறது தப்பு.

இதுல ரெண்டு பழக்கம் ரொம்ப ஆபத்து, அத அழுத்திச் சொல்லணும். ஒன்னு, ஈயம் சுட்ட பிறகு கடைசில உறை போட்ட குண்டு பத்து சுட்டா ஈயம் எல்லாம் தள்ளிக்கிட்டு வந்துரும்ங்கிறது. தம்பியோட கிளப்லயும் ஒருத்தர் சொல்லியிருக்காரு. ஒடுங்கிப் போன துளைக்குள்ள அத விட கெட்டியான, விட்டுக்குடுக்காத குண்ட அனுப்புறது எப்படி சுத்தம் செய்யிறதாகும்? இருக்கிறதிலயே மோசமான நேரத்தில மோசமான குண்ட அனுப்புறது அது. ரெண்டாவது, வினிகரையும் ஹைட்ரஜன் பெரொக்சைடையும் கலந்து பேரல்ல ஊத்தி ஊற வைக்கிறது. ஈயம் கரையும், நெசந்தான், ஆனா கரைஞ்சு வாறது தண்ணில கலக்கிற ஈய உப்பு, சுத்த விஷம், தோல்ல பட்டா உள்ள போகும், அதோட எஃகையும் அரிக்கும். சமையல் கட்டுல இருக்கிற சாமான்தானன்னு யாரும் செஞ்சிராதீங்க.

சரியான வழி பழைய வழிதான். பிஸ்டல் காலியா இருக்கான்னு ரெண்டு தரம் பாத்து, பேரல தனியா கழட்டி, பித்தளை பிரஷ்ல சுத்தச் செம்பு நூல் சுத்தி, அறைப் பக்கமா விட்டு இழுக்கணும். பாத்திரம் தேய்க்கிற செம்பு நூல்னு கடையில விக்கிறதுல சிலது இரும்புக்கு செப்பு முலாம் பூசினது, காந்தம் வச்சுப் பாருங்க, ஒட்டினா பேரலுக்குள்ள விடாதீங்க. பாக்கிறப்ப பேரல நேரா கண்ணுக்கு வச்சு பாத்தா ஒன்னும் தெரியாது, கொஞ்சம் சாச்சு வெளிச்சம் பக்கவாட்டுல விழுற மாதிரி அறை முடியிற எடத்த பாக்கணும், ஆறு மூலையும் ஒரே மாதிரி தெளிவா தெரியணும். எங்கயாவது மூலை மங்கி வட்டமா தெரிஞ்சா அங்க ஈயம் இருக்கு.

ஈயக் குண்டோட மலிவும் வேணும் பேரலும் பழுதாகக் கூடாதுன்னா வழி இல்லாம இல்ல. ஈயத்துக்கு மேல மெல்லிசா மின்முலாம்ல செம்பு பூசின குண்டு வருது. பவுடர் கோட்டிங், அதாவது கேட்டுக்கும் கிரில்லுக்கும் பெயின்ட் பவுடர் தூவி அடுப்புல சுடுறோமே அதே வேலை, குண்டுக்கும் செய்றாங்க, ஆஸ்திரேலியாவில இப்ப கிளப்காரங்க கையில அதுதான் அதிகம்னு தம்பி சொன்னான். ஈயம் எஃக தொடாம நடுவில ஒரு தோல் இருக்கு. அப்பவும் மொதல்ல கொஞ்சம் சுட்டு கழட்டிப் பாத்துத்தான் மேல போகணும், பூச்சு சரியா வேகாட்டி அதுவும் உரியும். இல்லாட்டி கூரான வரி வெட்டின வேற கம்பெனி பேரல் வாங்கி மாத்தலாம், அப்ப ஈயக் குண்டுக்கு இவ்வளவு பயம் வேணாம், ஆனா பேரல் மாத்துறதுக்கு அங்கத்த சட்டத்தில பதிவு இருக்கான்னு கேட்டுத்தான் செய்யணும்.

நம்ம நாட்டுல 1916ஆம் ஆண்டு துப்பாக்கிச் சட்டம் இன்னும் நடப்புல இருக்கு, லைசன்ஸ் இல்லாம துவக்கு வைக்க ஏலாது, ஆகவே இங்க வாசிக்கிற பலருக்கு இது படிச்சுத் தெரிஞ்சிக்கிற விஷயம் மட்டுந்தான். ஆனாலும் ஒன்னு சொல்லாம விட மனசு வரல. பன்னிக்குன்னு தேயிலை மலை ஓரத்தில, மானாப் புல்லுக் காட்டுல தண்ணிக் குழாய வெட்டி கட்டுத்துவக்கு, அதாவது கால் தட்டினா தானா வெடிக்கிற துவக்கு, வைக்கிறாங்க, கொழுந்து எடுக்கப் போற பொம்பளைங்க காலு போகுது. அதுல பேரல்ங்கிறது தையல் போட்ட சாதாரண பைப்பு. நல்ல எஃக அடிச்சு, மேல்தோல கெட்டியாக்கி, ஒவ்வொன்னா சோதிச்சு அனுப்புற பேரல்லயே மயிரளவு ஈயம் படிஞ்சா இவ்வளவு யோசிக்கணும்னா, அந்தப் பைப்ப கட்டுறவன் தன் கையையும் சேத்துத்தான் வைக்கிறான்.

ஈயத்த தொடுறவங்க கைய சோப்பு போட்டு கழுவிட்டுத்தான் சாப்பாட தொடணும், அதே உடுப்போட புள்ளைங்கள தூக்கக் கூடாது. சுடுற எடத்தில ரவையோட அடியில இருக்கிற மூடி மருந்துலயும் ஈயம் இருக்கு, மூடின கட்டடமா இருந்தா புகை வழியா மூச்சுலயும் போகும். உருக்குறதா இருந்தா வெளிய, காத்தோட்டமான எடத்தில, பழைய கார் பேட்டரி தட்ட மட்டும் எந்தக் காரணத்துக்கும் உருக்கக் கூடாது, அதுல இருந்து வாற வாயு ஆள கொல்லும். நானே ஆரம்பத்தில வெறுங்கையால வைட் மெட்டல் சுரண்டி அதே கையால ரொட்டி தின்னவன், பழைய பெரிய பிட்டர் ஐயா ஒருத்தர் ஏசித்தான் விட்டேன்.

தம்பி அந்த வாளியில இருந்து ஏற்கனவே எண்பது குண்டு மாதிரி சுட்டிருக்கான், என்கிட்ட கேக்குறதுக்கு முன்னாலயே, மெல்லமா சொன்னான். கழட்டுடான்னேன். வீடியோ கோல்ல பேரல ஜன்னல் வெளிச்சத்தில காட்டினான், "சுத்தமா இருக்கண்ணே"ன்னான், எனக்கும் சுத்தமாத்தான் தெரிஞ்சுது. கொஞ்சம் சாய்க்கச் சொன்னேன். அறை முடிஞ்ச எடத்தில ரெண்டு மூலை மங்கலா இருந்துச்சி. செம்பு நூல் சுத்தி இழுத்தான், மூணாவது இழுப்புல வெள்ளைத் துணி மேல சாம்பல் நெறத்தில சுருள் சுருளா விழுந்துச்சி, முட்டைக்கோசு சீவின மாதிரி, ஒன்னு சுண்டு விரல் நெக நீளம் இருக்கும். எடுத்து வெளிச்சத்துக்கு காட்டினான், ஒரு பக்கம் வழுவழுன்னு மின்னுது, மறுபக்கம் பேரலோட வளைவு அப்படியே பதிஞ்சிருக்கு. வாளிய இப்ப ஷெட்டுல மூடி வச்சிருக்கான், சனிக்கிழமை கிளப்ல பவுடர் கோட்டிங் செய்யிற ஆளப் பாக்கப் போறானாம்.